பால் ஒருபடித்தானதா, பலபடித்தானதா? சமையலறையை வைத்துக் கலவைகளைச் சொல்லித்தருகிறவர்கள் கொஞ்சம் வாருங்கள்

உப்புமூட்டை

என் மகளுக்குப் பத்து வயது. கலவைகள் பாடத்துக்கு ஒரு பயிற்சித்தாள் கொடுத்திருந்தார்கள். பத்து உணவுப் பொருட்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒருபடித்தானதா (எங்கும் ஒரே மாதிரி இருப்பது) பலபடித்தானதா (அப்படி இல்லாதது) என்று எழுத வேண்டும். உப்புத் தண்ணீர், பழத்துண்டுகள் போட்ட கிண்ணம், வினிகர், கார்ன்ஃபிளேக்ஸ், இந்த மாதிரி. ஒன்பது சரி. பாலுக்கு மட்டும் பலபடித்தானது என்று எழுதியிருக்கிறாள், சிவப்பு மையில் பெரிய தப்புக் குறி.

ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். "காய்ச்சினால் ஆடை படிகிறதே, அப்படியென்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்" என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள், அறிவியலோடு உறவு விட்டுப்போய் இருபது வருடம் ஆகிறது.

இரண்டு கேள்விகள். அவள் சொன்னது சரியா? அப்புறம், இந்தப் பாடத்தை வீட்டில் இருக்கும் பொருட்களை வைத்து எப்படிச் சொல்லித்தருவது? ஆறு வயதுத் தம்பி ஒருவனும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்வான், அவனையும் கணக்கில் வையுங்கள்.

கடைசிப்பெஞ்ச்

மகள் சொன்னதுதான் சரி. அந்த ஒரு மதிப்பெண்ணைத் திருப்பி வாங்குங்கள்.

வெண்கட்டி

கடைசிப்பெஞ்ச் இவ்வளவு அவசரமாகத் தீர்ப்பு எழுத வேண்டாம். நான் நான்காவது முதல் எட்டாவது வரை பாடம் எடுக்கிறவள், அந்த ஆசிரியர் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சின்ன வகுப்பில் நாம் கொடுக்கும் வரையறை கண்ணை நம்பிய வரையறை: பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் ஒருபடித்தானது, தனித்தனியாகத் தெரிந்தால் பலபடித்தானது. அந்த வரையறைப்படி டம்ளரில் இருக்கும் பால் ஒருபடித்தானதுதான். மூன்று நான்கு வருடம் கழித்துக் கூழ்மம் என்ற பாடம் வரும்போது அதே பாலை எடுத்துவைத்து, பார்க்க ஒருபடித்தானது போல இருக்கும், உண்மையில் பலபடித்தானது என்று மாற்றிச் சொல்வோம். பிள்ளைகள் எங்களை முறைப்பார்கள். நியாயமான முறைப்புதான்.

என்னைக் கேட்டால் அந்த வயதுத் தாளில் பாலைச் சேர்த்ததே தப்பு. சேர்த்தால் "ஏன் அப்படி நினைக்கிறாய்" என்று ஒரு வரி இடம் விட்டிருக்க வேண்டும். உங்கள் மகள் அந்த வரியில் முழு மதிப்பெண் வாங்கியிருப்பாள்.

சொல்லித்தரும் முறைக்கு வருகிறேன். நான் பெயர்களில் தொடங்குவதே இல்லை. ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடி டம்ளர், மூன்றிலும் முக்கால்வாசித் தண்ணீர். ஒன்றில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒன்றில் ஒரு தேக்கரண்டி மாவு, ஒன்றில் ஒரு தேக்கரண்டி எண்ணெய். பிள்ளைகளே கலக்க வேண்டும். கலக்கிய உடனே ஒரு படம் வரையச் சொல்வேன், அரை மணி நேரம் கழித்து மறுபடி ஒரு படம். இந்த இரண்டாவது படம்தான் பாடம். உப்பு டம்ளர் அப்படியே இருக்கும், மாவு அடியில் உட்கார்ந்திருக்கும், எண்ணெய் மேலே ஏறியிருக்கும். அதற்கப்புறம் ஒரே ஒரு கேள்வி: போட்டதைத் திரும்ப எடுத்துக் கொடு, எப்படி எடுப்பாய்? மாவை வடிகட்டலாம், அல்லது தெளிந்த பிறகு மேலே உள்ள தண்ணீரை மெதுவாக இறுத்துவிடலாம். எண்ணெயைக் கரண்டியால் வழிக்கலாம். உப்பை என்ன செய்வாய் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். வடிகட்டிப் பார்க்கிறேன் என்பார்கள், விடுங்கள், வடிகட்டட்டும், கீழே இறங்கிய தண்ணீர் இன்னும் கரிக்கிறதே என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும்.

இரட்டையர்அப்பா

ஆறு வயதுக்கு நான் சொல்கிறேன், வீட்டில் அந்த வயதில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

பெரிய சொல் எதுவும் வேண்டாம். இரண்டு கரண்டிச் சோதனை போதும். ஒரு பாத்திரத்தில் ஒரு ஓரத்திலிருந்து ஒரு கரண்டி, இன்னொரு ஓரத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து இரண்டு தட்டில் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா? பழக்கிண்ணத்தில் செய்தால் ஒருத்தனுக்கு மூன்று திராட்சை, இன்னொருத்தனுக்குத் திராட்சையே இல்லை, உடனே சண்டை. அந்தச் சண்டைதான் பலபடித்தான கலவை. சர்க்கரைத் தண்ணீரில் செய்தால் சண்டை வராது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் "இது சண்டைக் கலவையா, சண்டையில்லாக் கலவையா" என்றுதான் பேச்சு.

இன்னொன்று, இது எனக்கே வியப்பாக இருந்தது. மூடி போட்ட ஒரு ஜாடியில் உப்பையோ சர்க்கரையையோ பாதிக்கு மேல் நிரப்பி, பெரிய பாதாம் கொட்டை ஒன்றை அடியில் புதைத்துவிட்டு, ஜாடியை மேலும் கீழுமாகக் குலுக்குங்கள். கொஞ்ச நேரத்தில் பாதாம் மேலே வந்து எட்டிப்பார்க்கும். குலுக்கினால் கலக்கும் என்றுதானே நாம் நினைப்போம்? இங்கே குலுக்கக் குலுக்கப் பிரிகிறது. ஒவ்வொரு குலுக்கலிலும் பெரியதற்கு அடியில் இடைவெளி விழ, சின்னச் சின்ன மணிகள் அதில் சரிந்து இறங்கிவிடுகின்றன, பெரியது திரும்பக் கீழே போக இடமில்லை. கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டியின் அடியில் எப்போதும் தூள் மட்டும் மிஞ்சுவதற்கும் இதே காரணம்தான்.

கொட்டை ஒவ்வாமை இருக்கும் பிள்ளைகள் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள். ரொம்பச் சின்னவர்கள் கையில் முழுக் கொட்டையும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

அரைகுறைவிஞ்ஞானி

இரண்டு கரண்டிச் சோதனை அருமை. ஆனால் அதே சோதனையைப் பாலுக்குச் செய்தால் இரண்டு கரண்டியும் ஒன்றுபோலத்தானே இருக்கும்? அப்போது மகள் எழுதியது தப்பு என்று ஆகிவிடுகிறதே.

இரட்டையர்அப்பா

கரண்டி பெரியது, பாலில் இருக்கும் துளி சின்னது. கரண்டியைச் சின்னதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஒரு கரண்டியில் கொழுப்பு இருக்கும், இன்னொன்றில் இருக்காது. அவ்வளவு சின்னக் கரண்டி என் வீட்டில் இல்லை.

கூழ்மக்காரன்

அப்பா சொன்னதுதான் விஷயமே, எவ்வளவு சின்னக் கரண்டி என்பதுதான் கேள்வி. எனக்குப் பால் பொருட்கள் சார்ந்த வேலை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உப்பு தண்ணீரில் கரையும்போது அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது. சர்க்கரை தனித்தனி மூலக்கூறாகப் பிரிகிறது. இரண்டுமே ஏறத்தாழ 1 நானோமீட்டரோ அதற்கும் கீழோ. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாக வெட்டினால் ஒரு துண்டு 1 நானோமீட்டர். இது கரைசல். 1000 நானோமீட்டருக்கு மேலே போனால் துகள்கள் நின்று போராட முடியாமல் மெல்ல மெல்ல அடியில் இறங்கிவிடும், தண்ணீரில் போட்ட மாவு மாதிரி. அது தொங்கல். நடுவில் இருப்பது கூழ்மம். இறங்காது, வடிதாளிலும் சிக்காது, ஆனால் கரைந்ததும் இல்லை. கூழ்மத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள "கொலாய்டு" என்ற பெயரை 1861-ல் வைத்தவர் தாமஸ் கிரகாம், கிரேக்கத்தில் பசை என்று பொருள்படும் சொல்லிலிருந்து எடுத்தார்.

பால் இந்த மூன்று வரிசையிலும் ஒரு கால் வைத்திருக்கிறது. அதில் 87 சதவீதம் தண்ணீர். பால் சர்க்கரையான லாக்டோஸ் அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கிறது, அந்த அளவில் பால் ஒரு கரைசல். கேசீன் என்ற புரதம் 100, 200 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாக மிதக்கிறது, அது கூழ்மம். கொழுப்பு துளித்துளியாக இருக்கிறது, அது பால்மம், அதாவது ஒரு திரவத்துக்குள் அதில் கரையாத இன்னொரு திரவம் துளிகளாக நிற்பது. கறந்த பாலில் அந்தக் கொழுப்புத் துளி சராசரியாக 3, 4 மைக்ரான், அதாவது 3000, 4000 நானோமீட்டர். அதனால் வைத்தால் மேலே ஏறிவிடும். பாக்கெட்டில் வரும் பல வகைப் பாலில் இந்தத் துளிகளை மிக அதிக அழுத்தத்தில் சின்ன இடுக்கு வழியாகத் தள்ளி 1 மைக்ரானுக்குக் கீழே உடைத்துவிடுகிறார்கள். ஓகஸ்ட் கோலின் என்ற பிரெஞ்சுக்காரர் 1899-ல் காப்புரிமை வாங்கிய முறை. அந்த இயந்திரத்துக்கே "ஒருபடித்தாக்கும் இயந்திரம்" என்கிற மாதிரிதான் பெயர். பாலை ஒருபடித்தாக்க இயந்திரம் வேண்டியிருந்தது என்றால் பால் முன்பு எப்படி இருந்தது என்று உங்கள் மகளையே கேளுங்கள், வகுப்பில் சொல்ல நல்ல பதில் கிடைக்கும். துளியை உடைத்ததால் அது கரைந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அளவுதான் சின்னதாயிற்று.

ஒரு சின்னத் திருத்தம். காய்ச்சும்போது படியும் ஆடையை அவள் சான்றாகச் சொன்னாள். அது முழுச் சான்று இல்லை. சூட்டில் மேற்பரப்புத் தண்ணீர் ஆவியாக, அங்கே புரதம் திரண்டு கொழுப்பையும் பிடித்துக்கொண்டு படலமாகிறது. சூடு செய்த மாற்றம் அது. காய்ச்சாத, உடைக்காத பாலை ஒரு இரவு ஆடாமல் வைத்தால் மேலே தானாக மஞ்சளாக ஒரு அடுக்கு வருமே, அதுதான் அவளுக்கு வேண்டிய சான்று. விடை சரி, காரணம் முக்கால் சரி.

வீட்டில் செய்ய: இருட்டறை, ஒரு டார்ச், இரண்டு டம்ளர் தண்ணீர். ஒன்றில் உப்பைக் கரையுங்கள். இன்னொன்றில் நான்கைந்து சொட்டுப் பால், அதற்கு மேல் வேண்டாம். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடித்தால் உப்புத் தண்ணீரில் ஒளிபோகும் பாதை தெரியாது, பால் தண்ணீரில் பளிச்சென்று கோடு விழும். அதற்கு டிண்டால் விளைவு என்று பெயர். லேசர் பேனா வேண்டாம், சின்னவர் கையில் போனால் கண்ணுக்கு ஆபத்து. சாதாரண டார்ச்சே போதும்.

உப்புமூட்டை

நேற்று இரவே செய்துவிட்டோம். தம்பி திரைச்சீலையை மூடும் பொறுப்பில் இருந்தான், பெரிய அதிகாரி மாதிரி.

பால் சொட்டுப் போட்ட டம்ளர் பக்கவாட்டில் லேசான நீலமாகத் தெரிந்தது. எதிர்ப்பக்கம் போய் டம்ளர் வழியாக டார்ச்சைப் பார்த்தால் வெளிச்சம் மஞ்சளாக, கொஞ்சம் ஆரஞ்சாக இருந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டு மூன்று முறை சுற்றிச் சுற்றி நடந்தாள். ஒரே டம்ளர், ஒரே டார்ச், இரண்டு நிறம்.

ஆனால் ஒரு சிக்கல். உப்புத் தண்ணீரிலும் மங்கலாகக் கோடு தெரிந்தது! இப்போது உப்புத் தண்ணீரும் கூழ்மமா என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

கூழ்மக்காரன்

ஹா, நான் எச்சரித்திருக்க வேண்டும். மேசை உப்பு கட்டி தட்டாமல் இருக்கப் பலவற்றில் கரையாத தூள் ஒன்றைக் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். அதுதான் தண்ணீரைக் கலங்கலாகக் காட்டுகிறது. ஒரு இரவு தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் இறுத்து, மறுபடி பாருங்கள். அல்லது உப்புக்குப் பதில் வெள்ளைச் சர்க்கரை போடுங்கள். உப்புப் பொட்டலமே ஒரு கலவை என்று அவள் கண்டுபிடித்திருக்கிறாள், அதையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

நீலமும் ஆரஞ்சும்: பாலின் சின்னத் துகள்கள் நீல ஒளியை அதிகமாகப் பக்கவாட்டில் சிதறடிக்கின்றன, நேராகக் கடந்து வருவதில் சிவப்பும் மஞ்சளும் மிஞ்சுகின்றன. பகலில் வானம் நீலமாகவும் மாலையில் சூரியன் சிவப்பாகவும் தெரிவதும் இதே வகைக் கணக்குத்தான். வானத்தில் அந்த வேலையைச் செய்பவை காற்றின் மூலக்கூறுகள்.

சொல்தேடி

அறிவியல் எனக்கு வராது, மொழி கொஞ்சம் வரும், அந்தப் பக்கம் ஒரு புகார்.

என் அக்கா பையன் இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். "ஒருபடித்தான, பலபடித்தான" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தவன் திடீரென்று நிறுத்தி "யார் சித்தி படித்தான்?" என்றான். சிரித்து முடிக்க அரை மணி ஆயிற்று. அடுத்தது தொங்கல். துகள் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்ற பொருளில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பாடம் சொல்வதோ தொங்கலில் துகள்கள் அடியில் போய்ப் படிந்துவிடும் என்று. "தொங்கல் ஏன் தொங்கவில்லை?" என்று பிள்ளை கேட்டால் பதில் இருக்கிறதா?

இதைவிட முக்கியமானது ஒன்று. பேச்சில் நாம் "ஐஸ் கரைஞ்சிடுச்சு" என்கிறோம். சர்க்கரையும் கரைகிறது, ஐஸும் கரைகிறது, மெழுகுவர்த்தியும் சிலருக்குக் கரைகிறது. பிள்ளை மனதில் கரைவதும் உருகுவதும் ஒன்றாகிவிடுகிறது. ஐஸ் தனியாக, சூட்டில், தண்ணீராக மாறுகிறது, அது உருகுதல். சர்க்கரைக்கு இன்னொரு துணை வேண்டும், தண்ணீர் இல்லாமல் கரையாது. கலவை என்றாலே குறைந்தது இரண்டு பேர். இதை முதலிலேயே பிரித்துச் சொல்லாவிட்டால் பின்னால் எல்லாம் குழம்பும்.

வெண்கட்டி

தொங்கல் தொங்கவில்லை என்பதை நாளைக்கே வகுப்பில் திருடிக்கொள்கிறேன், நன்றி.

கரைவது உருகுவது பற்றிச் சொன்னீர்களே, அதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம் "காணாமல் போய்விட்டது". சர்க்கரை எங்கே என்றால் கரைந்து போய்விட்டது, அதாவது இல்லை. இதற்கு மருந்து சமையலறைத் தராசு. டம்ளரோடு 200 கிராம் தண்ணீரை வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்கள், 20 கிராம் சர்க்கரையைப் போட்டு ஒரு சொட்டும் சிந்தாமல் கலக்கி முடித்த பிறகும் தராசு 20 என்றே காட்டும். கலக்கிய கரண்டியை எடுக்கும்போது அதில் ஒட்டிய தண்ணீரும் போய்விடும், அதனால் கரண்டியையும் தொடக்கத்திலிருந்தே டம்ளருக்குள் வைத்தே எடை போடுங்கள். நான் இதில் ஒருமுறை மாட்டி, 18 கிராம் என்று வந்து, இரண்டு கிராம் சர்க்கரை செத்துப்போய்விட்டது என்று ஒரு பெண் குறிப்பேட்டில் எழுதிவிட்டாள்.

பெரியவர்களுக்குப் பிடித்த விளையாட்டு, எவ்வளவு கரையும் என்பது. அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீரில் உப்பு ஏறத்தாழ 36 கிராம் கரையும், அதற்கு மேல் என்ன கலக்கினாலும் அடியில் நிற்கும். சர்க்கரை ஏறத்தாழ 200 கிராம், தண்ணீரைப் போல இரண்டு மடங்கு! போட்டி வையுங்கள், யார் டம்ளர் முதலில் "போதும்" என்கிறது என்று. தண்ணீரைச் சுடவைத்தால் சர்க்கரை இன்னும் ஏகத்துக்குக் கரையும், உப்பு பெரிதாக மாறாது, கொதிக்கும் தண்ணீரிலும் 40 கிராமைத் தாண்டுவதில்லை.

திரும்ப எடுக்க, உப்புத் தண்ணீரைக் கறுப்புத் தட்டில் மெல்லியதாக ஊற்றி வெயிலில் வையுங்கள். காய்ந்த பிறகு கைக்கண்ணாடியில் பார்த்தால் குட்டிக் குட்டிச் சதுரக் கட்டிகள். சர்க்கரையில் இதை எதிர்பார்க்காதீர்கள், பிசுபிசுவென்று பாகாகி நின்றுவிடும், எறும்புதான் லாபம்.

சந்தேகப்பிராணி

எல்லாம் சரி. ஆனால் இவ்வளவு மாவு, எண்ணெய், பால், சர்க்கரை எல்லாம் கொட்டுவதற்கா? சாப்பாட்டை வைத்து விளையாடாதே என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு இன்னொரு பக்கம் டம்ளர் டம்ளராகக் கலக்கச் சொல்கிறோம். அப்புறம் சுவைத்துப் பார்க்கச் சொல்வதும் எனக்கு உறுத்துகிறது. நாளைக்கு ஆய்வகத்தில் போய் அமிலத்தை நக்கினால்?

வெண்கட்டி

இரண்டும் ஞாயமான கேள்வி. கொட்டுவதைப் பற்றி: நான் சொன்னது எல்லாம் தேக்கரண்டிக் கணக்கு. போட்டி வைக்கிற சர்க்கரைத் தண்ணீரை அப்புறம் எலுமிச்சைச் சாற்றுக்கு எடுத்துக்கொள்ளலாம். சுவைப்பதைப் பற்றி எங்கள் வகுப்பு விதி ஒன்று இருக்கிறது: பெரியவர் "இது சாப்பாட்டு டம்ளர்" என்று சொன்னால் மட்டும் வாயில் வைக்கலாம், சொல்லாத எதுவும் சோதனை டம்ளர், நாக்குக்கு அங்கே வேலை இல்லை. இரண்டுக்கும் வேறு வேறு நிற டம்ளர் வைத்திருக்கிறேன்.

அரைகுறைவிஞ்ஞானி

கொட்டவே வேண்டாத ஒன்று நான் சொல்கிறேன்: வெண்ணெய். கொழுப்பு நிறைந்த பாலேட்டை ஒரு மூடி ஜாடியில் பாதி ஊற்றி மாறி மாறிக் குலுக்குங்கள். முதலில் கெட்டியாகி, குலுக்கினால் சத்தமே வராது, காற்று புகுந்து நுரையாகிவிட்ட நிலை. கை வலித்து எல்லோரும் கைவிடும் நேரத்தில் திடீரென்று சளக் என்று சத்தம், உள்ளே மஞ்சள் கட்டியும் வெள்ளைத் தண்ணீரும் தனித்தனியாக. எங்கள் வீட்டில் கால் மணி நேரம் பிடித்தது. ரொட்டியில் தடவித் தின்றுவிட்டோம், ஆதாரம் எதுவும் மிச்சமில்லை.

அழகு எங்கே என்றால், பாலில் தண்ணீருக்குள் கொழுப்புத் துளி. வெண்ணெயில் கொழுப்புக்குள் தண்ணீர்த் துளி, ஏறத்தாழ 16 சதவீதம் தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது. குலுக்கலில் உள்ளும் புறமும் இடம் மாறிவிட்டன. சூடான வாணலியில் வெண்ணெய் போட்டால் சடசடவென்று பொரிகிறதே, அந்தத் தண்ணீர்தான் கொதித்து ஓடுகிறது.

இதோடு எண்ணெயும் வினிகரும். இரண்டையும் குலுக்கிவைத்தால் சில நிமிடத்தில் பிரிந்துவிடும். ஒரு கரண்டி கடுகு விழுது சேர்த்துக் குலுக்கினால் நெடுநேரம் நிற்கும். முட்டையின் மஞ்சள் கரு இதை இன்னும் நன்றாகச் செய்யும், அதிலுள்ள லெசித்தின் ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும், மயோனைஸ் நிற்பதே அப்படித்தான். பச்சை முட்டை என்பதால் பிள்ளைகளோடு செய்யும்போது நான் கடுகோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடைசிப்பெஞ்ச்

பாலில் எலுமிச்சை பிழிந்தால் உடனே பிரிகிறதே, இவ்வளவு குலுக்குவதற்குப் பதில் அதைக் காட்டலாமே? பால் பலபடித்தானது என்று ஒரே நொடியில் நிரூபணம்.

கூழ்மக்காரன்

காட்டலாம், ஆனால் வேறு பாடமாக. எலுமிச்சையின் அமிலம் கேசீன் உருண்டைகளின் தன்மையையே மாற்றி ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது, அமில அளவு பிஹெச் 4.6 பக்கம் வந்ததும் திரண்டுவிடும். பிரிந்ததை மறுபடி கலக்கினால் பால் வராது. மாவுத் தண்ணீரை எத்தனை முறை தெளியவைத்தாலும் கலக்கினால் திரும்ப மாவுத் தண்ணீர். அந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் விட்டுவிடக்கூடாது. கேக் அந்தப் பயிற்சித்தாளில் இருந்திருந்தால் அதுவும் இதே தகராறுதான். அடுப்புக்குப் போகும் முன் அது கலவை, வெளியே வரும்போது உள்ளே என்னென்னவோ வேதிமாற்றம் நடந்து முடிந்திருக்கும்.

பிசைந்த மாவு மட்டும் விதிவிலக்கு மாதிரி. மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி வைத்து, ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் வைத்துக் கசக்கிக் கசக்கிக் கழுவுங்கள். தண்ணீர் பால் போல வெளுக்கும், கையில் மெல்லும் கோந்து மாதிரி ஒரு உருண்டை மிஞ்சும். அது குளூட்டன் என்ற புரதம். வெளுத்த தண்ணீரை ஒரு மணி நேரம் வைத்தால் ஸ்டார்ச் அடியில் படியும். கைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இரட்டையர்அப்பா

சோடாவை யாரும் சொல்லவில்லையே. மூடிய பாட்டிலில் ஒரு குமிழ்கூட இல்லை, சண்டையில்லாக் கலவை. திறந்ததும் அழுத்தம் குறைந்து கார்பன் டை ஆக்ஸைடு வெளியே வருகிறது, குமிழ் தனி, தண்ணீர் தனி, சண்டைக் கலவை. ஒரே பாட்டில், மூடிதான் பெயரை மாற்றுகிறது. நாலைந்து உலர்திராட்சையைப் போட்டுவிட்டால் குமிழ் ஒட்டி மேலே வருவதும் உடைந்து கீழே போவதுமாக ஆடும், அரை மணி நேரம் வீட்டில் அமைதி.

இன்னொன்று, இரும்புச் சத்து சேர்த்தது என்று போட்டிருக்கும் சில காலை உணவுத் தானியங்களில் உண்மையிலேயே இரும்புத் தூள்தான் இருக்கும். நன்றாகத் தூளாக்கித் தண்ணீரோடு ஒரு பையில் போட்டு, வெளியே வலுவான காந்தத்தை வைத்துத் தேய்த்தால் கருப்பாக ஒரு கோடு சேரும். காந்தம் பெரியதாக, பெரியவர் கையில் இருக்கட்டும். சின்னக் காந்தங்களை விழுங்கினால் குடலில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பெரிய ஆபத்தாகிவிடும்.

உப்புமூட்டை

எல்லோருக்கும் நன்றி, மூன்று நாளாக எங்கள் அடுப்படி மேடையில் இடமே இல்லை.

உப்புத் தண்ணீரைத் தெளியவைத்து இறுத்துப் பார்த்தோம், கோடு போய்விட்டது. மகள் பயிற்சித்தாளின் பின்பக்கத்தில் டார்ச் படம், இரண்டு டம்ளர், அந்தப் பிரெஞ்சுக்காரரின் வருடம் எல்லாம் எழுதி எடுத்துப்போனாள். ஆசிரியர் படித்துவிட்டு, வகுப்பில் டார்ச்சோடு செய்து காட்டச் சொல்லியிருக்கிறார். மதிப்பெண்ணை மாற்றவில்லை. மாற்றினால் பால் ஒருபடித்தானது என்று எழுதிய மற்றப் பிள்ளைகளுக்கு எல்லாம் குறைக்க வேண்டியிருக்கும் என்றாராம், அதில் இவளுக்கும் சம்மதம். ஆடை பற்றி முதலில் சொன்ன காரணம் முக்கால் சரிதான் என்பதையும் அவளே ஒத்துக்கொண்டு எழுதியிருந்தாள், அது எனக்கு மதிப்பெண்ணைவிடப் பிடித்தது.

குளிர்சாதனப் பெட்டிக்குள் பழச்சாறு ஒன்று, "ஆட்டாதே, தொங்கல்" என்று சீட்டு ஒட்டி நிற்கிறது. வடிகட்டாத சாறு, சக்கை எத்தனை மணி நேரத்தில் இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துக் குறிக்கிறாள்.

தம்பியின் கேள்வி ஒன்று பாக்கி. நேற்று சாப்பிடும்போது பழத்துண்டுகளை வாயில் போட்டு மென்று, வாயைத் திறந்து காட்டி, "இப்போது இது சண்டைக் கலவையா, சண்டையில்லாக் கலவையா?" என்றான். யாராவது பதில் சொல்லுங்கள்.

கடைசிப்பெஞ்ச்

இரண்டு கரண்டிச் சோதனை செய்துதான் சொல்ல முடியும். நான் வரவில்லை.